தோண்டப்பட்ட ஏரிகள்: நார்போக் பிராட்ஸ் நீர்நிலைகளின் தோற்றம் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நார்போக், சஃபோக் என்னும் இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் தாழ்நிலப் பகுதி 'பிராட்ஸ்' எனப்படும். 'பிராட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அகன்றது என்பது பொருள். ஆறு அகன்று ஏரியாக விரிந்த இடம் என்ற எண்ணத்தால் அப்பெயர் எழுந்தது. அறுபதுக்கு மேற்பட்ட ஏரிகளும், அவற்றைச் சூழ்ந்த நாணற்காடுகளும், சதுப்பு நிலங்களும், நீர்நிறைந்த மேய்ச்சல் வெளிகளும் ஒன்றுகூடியதே இப்பகுதி. இவ்வேரிகள் இயற்கை தந்தவை என்றே கற்றோரும் மற்றோரும் நெடுங்காலம் நம்பி வந்தனர். 1950-களில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி அந்நம்பிக்கையை அடியோடு மாற்றியது. இவை மக்கள் கையால் தோண்டப்பட்ட பள்ளங்களே என்பது அவ்வாராய்ச்சியின் முடிபு.

அம்முடிபு எவ்வாறு எய்தப்பட்டது, அதற்கு மண் தந்த சான்று யாது, ஏடு தந்த சான்று யாது, தோண்டியவர் எவர், தோண்டிய பள்ளம் ஏரியானது எவ்வாறு என்பனவற்றை இக்கட்டுரையில் முறையே ஆராய முற்படுகின்றோம். ஏடுகளையும் கல்வெட்டுகளையும் சான்றாகக் கொண்டு வரலாறு எழுதுவோர்க்கு இவ்வாராய்ச்சி உணர்த்தும் பாடம் பெரிது என்பது நம் கருத்து.

நிலமும் நீரும்

பியூர், யேர், வேவ்னி என்னும் மூன்று ஆறுகள் இப்பகுதியின் உயிர்நாடிகள். ஆன்ட், தர்ன் என்னும் சிற்றாறுகள் பியூர் ஆற்றொடு கலக்கின்றன. எல்லா நீரும் இறுதியில் கிரேட் யார்மத் என்னும் துறைமுக நகரை அடுத்துக் கடலைச் சேர்கின்றது. ஆற்றுச் சமவெளி கடல்மட்டத்தினின்றும் மிகச் சிறிதே உயர்ந்தது. சில இடங்களில் அதனினும் தாழ்ந்தது. ஆதலின் ஆற்றின் ஓட்டம் மெல்லியது. கடல் ஏற்றத்தின்போது ஆற்றுநீர் பின்னோக்கித் தள்ளப்பட்டு உயர்வதைப் பல மைல் உள்ளேயும் காணலாம்.

ஹிக்லிங், பார்ட்டன், ராக்ஸம், ரான்வொர்த், பில்பி, ஆர்ம்ஸ்பி முதலியன இங்குள்ள ஏரிகளுட் சில. அவற்றுள் ஹிக்லிங் மிகப் பெரியது. பரப்பு மிகுதியாயினும் ஆழம் குறைவு. பெரும்பாலான ஏரிகளில் நீரின் ஆழம் ஓராள் உயரத்தை ஒட்டியே அமையும். மற்றொன்றும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. இவ்வேரிகளுட் பல ஆற்றின் போக்கிலேயே அமையாமல் ஆற்றுக்கு ஒதுங்கி, மேட்டுநிலத்தின் அடியை ஒட்டிக் கிடக்கின்றன. ஆறு அகன்று ஏரியாயிற்று என்பது உண்மையாயின் ஏரி ஆற்றின் வழியிலன்றோ இருத்தல் வேண்டும்? இவ்வினா எளியது, ஆயினும் இதற்கு நேரிய விடை காண நெடுங்காலம் சென்றது.

பழைய கொள்கை

முற்காலத்தில் யார்மத்துக்கு மேற்கே கடல் உள்நுழைந்து பெருங்கழிமுகமாக இருந்தது. உரோமர் இந்நாட்டை ஆண்ட காலத்தில் அக்கழிமுகத்தின் இருமருங்கும் அவர்தம் கோட்டைகள் நின்றன. பிற்காலத்தில் மணலும் வண்டலும் படிந்து கழிமுகம் தூர்ந்தது. தூர்ந்தபோது தூராமல் எஞ்சிய குழிகளே இன்றைய ஏரிகள் என்று அறிஞர் கருதினர். இக்கருத்து கேட்பார்க்கு இசைவாகவே தோன்றியது. ஆறு கரையோரங்களில் வண்டலை உயர்த்தி, அதனால் பக்கத்து நீர் வடியாமல் தேங்கியது என்று விளக்கமும் கூறினர்.

இக்கொள்கையைத் தக்க கள ஆய்வோடு நிலைநாட்ட முயன்றவர் ஜே. என். ஜென்னிங்ஸ் என்னும் புவியியல் அறிஞர். அவர் சதுப்பு நிலத்தில் துளையிட்டு மண் அடுக்குகளை ஆராய்ந்து, ஏரிகளின் தோற்றம் பற்றிய நூலொன்றை 1952-இல் வெளியிட்டார். ஏரிகள் இயற்கையாய் அமைந்தவை என்பதே அந்நூலின் முடிபு.

மண் தந்த சான்று

ஜென்னிங்சோடு தொடக்கத்தில் உடன்பணி செய்தவர் ஜாய்ஸ் லாம்பர்ட் என்னும் பெண்மணி. இவர் தாவரவியல் அறிஞர். யேர் ஆற்றங்கரையிலுள்ள பிரண்டல் என்னும் ஊரில் வளர்ந்தவர். எனவே இந்நிலம் இவருக்குப் புதிதன்று. சதுப்பில் எச்செடி எவ்வாறு வளர்ந்து மண்ணாகின்றது என்பதை அறிய இவர் துளையிட்டு ஆராய்ந்து வந்தார்.

இவருடைய ஆய்வை விளங்கிக்கொள்ள அம்மண்ணின் அடுக்குகளை அறிதல் வேண்டும். சதுப்பில் மடிந்த செடிகொடிகள் நீரில் மூழ்கிக் காற்றுப்படாமையால் முற்றும் மட்காது, நூற்றாண்டுக் கணக்கில் படிந்து கருநிற மண்ணாகும். இதனை ஆங்கிலத்தில் 'பீட்' என்பர். நிலக்கரியின் முதிராத நிலை எனலாம். வெட்டி உலர்த்தினால் நன்கு எரியும். இதனை இக்கட்டுரையில் கரிமண் என வழங்குவோம். பிராட்ஸ் நிலத்தில் அடியில் மரவேரும் கிளையும் செறிந்த கரிமண் உண்டு. அதன்மேல், கடல் உள்நுழைந்த காலத்துப் படிந்த களிமண் உண்டு. அக்களிமண் ஆற்றை அடுத்துத் தடித்தும், மேட்டுநிலத்தை அணுகுந்தோறும் மெலிந்தும் ஆப்புப்போல் அமைந்துள்ளது. அதற்கு மேல் நாணலும் கோரையும் மட்கிய கரிமண் மீண்டும் உண்டு.

துளைகளை நூற்றுக்கணக்கான அடி இடைவெளியில் இட்டால் அடுக்குகளின் பொதுவடிவம் மட்டுமே தெரியும். லாம்பர்ட் ஏரிக்கரைகளை ஒட்டி மிக நெருக்கமாகத் துளையிட்டார். அப்போது எதிர்பாராத உண்மை ஒன்று வெளிப்பட்டது. ஏரியின் பழைய கரை சரிவாக இல்லை. சுவர் போலச் செங்குத்தாக இருந்தது. ஒரு துளையில் வெட்டப்படாத கரிமண் மேலிருந்து கீழ்வரை இருக்க, அதற்குச் சில அடி அப்பால் இட்ட துளையில் கரிமண்ணே இன்றி ஏரிச்சேறு மட்டும் இருந்தது. ஏரியின் அடித்தளமோ சமமாக இருந்தது. அதன் ஆழம் பொதுவாகப் பத்து அடிக்கு மேற்பட்டது. மேல் உள்ள களிமண்ணையும் கடந்து அடியிலுள்ள மரக்கரிமண் வரை அப்பள்ளம் இறங்கியிருந்தது.

மேலும், ஏரிகளின் உள்ளே நேர்கோடாக நீண்ட கரிமண் வரப்புகள் வெட்டப்படாமல் நின்றன. சில நீருள் மறைந்து கிடந்தன. சில ஒடுங்கிய தீவுகளாக மேலே தோன்றின. அவ்வரப்புகளுட் சில ஊர் எல்லைகளோடு ஒத்திருந்தன. ஆறோ கடலோ செங்குத்துச் சுவரும், சமமான அடித்தளமும், ஊர் எல்லையை மதித்து விடப்பட்ட வரப்பும் அமைக்குமா? அமைக்காது என்பது வெளிப்படை. இவை அனைத்தும் மண்வெட்டியின் தடங்களே.

ஏரிகள் ஆற்றுக்கு ஒதுங்கி மேட்டுநிலத்தை ஒட்டி இருப்பதன் காரணமும் இதனால் புலனாயிற்று. ஆற்றங்கரையில் களிமண் தடித்தது. அதனை அகற்றிக் கரிமண் எடுப்பது பெருந்துன்பம். மேட்டை அடுத்த இடத்தில் களிமண் மெலிந்தது, அல்லது இல்லை. ஆங்கே வெட்டுவது எளிது. வெட்டியதை ஊருக்குச் சுமப்பதும் எளிது. அடியிலுள்ள மரக்கரிமண் மேலுள்ளதைவிடச் செறிவு மிக்க எரிபொருள். எனவே உழைப்பாளர் அதனை நாடி ஆழ்ந்து சென்றனர்.

ஏடு தந்த சான்று

மண்ணின் சான்று தோண்டப்பட்டதைக் காட்டியது. தோண்டிய காலத்தையும் மக்களையும் காட்டவில்லை. அதற்கு ஏடுகள் தேவைப்பட்டன. சி. டி. சுமித் என்னும் வரலாற்றுப் புவியியல் அறிஞர் இடைக்காலத் திருமடங்களின் கணக்கேடுகளையும் நிலவுரிமை ஆவணங்களையும் ஆராய்ந்தார். அவற்றில் இன்று ஏரி உள்ள ஊர்கள் பலவற்றில் கரிமண் வெட்டும் உரிமை பேசப்படுகின்றது. அவ்வுரிமை வாங்கவும் விற்கவும் பட்டது; அதற்கு வரி இருந்தது; வழக்கும் இருந்தது. ஏரியைப் பற்றிய பேச்சோ அக்காலத்து ஏடுகளில் காணப்படவில்லை. 1086-இல் தொகுக்கப்பட்ட 'டூம்ஸ்டே' நில அளவை ஏட்டிலும் இவ்வேரிகள் குறிக்கப்பெறவில்லை.

நாரிச் நகரப் பெருந்திருமடத்தின் கணக்கு இவற்றுள் குறிப்பிடத்தக்கது. அம்மடத்தின் அடுக்களைக்கு மட்டும் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 4,00,000 கரிமண் கட்டிகள் செலவாயின எனக் கணக்கேடு கூறுகின்றது. ஒரு மடத்தின் அடுப்புக்கு இவ்வளவாயின் நகரத்துக்கும் சிற்றூர்களுக்கும் எவ்வளவு வேண்டியிருந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம். அக்காலத்தில் கிழக்கு இங்கிலாந்து அந்நாட்டிலேயே மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளுள் ஒன்று. நாரிச் பெருநகரங்களுள் ஒன்று. காடுகளோ அங்கு முன்னரே அழிந்து குறைந்திருந்தன. விறகில்லாத நாட்டில் குளிர்காலம் வந்தால் காலடி மண்ணே எரிபொருள் ஆயிற்று.

ஏடும் மண்ணும் ஒன்றையொன்று உறுதிசெய்தன. லாம்பர்ட், ஜென்னிங்ஸ், சுமித், தொல்பொருள் அறிஞர் சார்ல்ஸ் கிரீன், பொறியியல் அறிஞர் ஹட்சின்சன் ஆகிய ஐவரும் கூடி 1960-இல் தம் முடிபை நூலாக வெளியிட்டனர். ஜென்னிங்ஸ் பெயர் அந்நூலில் இருப்பது நம் உள்ளத்தைத் தொடுவது. எட்டு ஆண்டுகட்கு முன் ஏரிகள் இயற்கையானவை என்று நூல் எழுதியவர் அவரே. மறுக்க முடியாத சான்று கிடைத்தபோது தம் கொள்கையை விடுத்துப் புதிய முடிபில் தம் பெயரையும் இட்டார். ஆராய்ச்சி உலகில் இத்தகைய நேர்மை எக்காலத்தும் போற்றத்தக்கது.

ஓர் ஐயமும் விடையும்

இக்கொள்கைக்கு எழுந்த பெருந்தடை உழைப்பின் அளவு பற்றியது. இவ்வேரிகளிலிருந்து அகற்றப்பட்ட கரிமண் ஏறத்தாழ 90 கோடி கன அடி என மதிப்பிடப்பட்டுள்ளது. எந்திரம் இல்லாத காலத்தில் இத்தனையும் மனிதர் வெட்டியிருக்க முடியுமா என்று ஐயுற்றோர் பலர்.

இதனை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று நூற்றாண்டுகள் வேலை நடந்தது எனக் கொண்டால் ஆண்டுக்கு 30 இலட்சம் கன அடி ஆகின்றது. அதனை அறுபது பள்ளங்களுக்குப் பகிர்ந்தால் ஒரு பள்ளத்துக்கு ஆண்டுக்கு 50,000 கன அடி. ஓர் ஆள் ஒரு நாளில் 100 கன அடி வெட்டினான் என வைத்துக்கொண்டால், பத்துப்பேர் ஐம்பது நாள் செய்யும் வேலையே அது. பயிர்த்தொழில் ஓய்ந்த கோடைநாட்களில் ஓர் ஊரார் இதனைச் செய்தல் அரிதன்று. பெருஞ்செயல் எனத் தோன்றியது சிறு செயல்களின் தொகையே என்பது இதனால் விளங்கும்.

மற்றொரு தடை நீர் பற்றியது. கடல்மட்டத்தை ஒட்டிய சதுப்பில் பத்து அடி ஆழம் தோண்டினால் நீர் நிறையாதா? யார்மத் நகரில் கிடைத்த தொல்பொருட் சான்றுகளை ஆராய்ந்த கிரீனும் ஹட்சின்சனும், இடைக்காலத்தில் கடல்மட்டம் நிலத்தை நோக்க இன்றினும் தாழ்ந்திருந்தது எனக் காட்டினர். ஆகவே அக்காலத்தில் பள்ளங்களில் ஊறிய நீரை இறைத்து வேலைசெய்ய இயன்றது. கடல் உயரத் தொடங்கியபோதே இடர் தொடங்கிற்று.

வெள்ளமும் மறதியும்

1287-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கடல் பொங்கி இப்பகுதியுட் புகுந்தது. புனித பெனெட் திருமடத்தைச் சேர்ந்த ஆக்ஸ்னெட் ஜான் என்னும் துறவி எழுதிய குறிப்பில் அவ்வெள்ளம் விரித்துரைக்கப்படுகின்றது. ஹிக்லிங் ஊரில் மட்டும் 180 பேர் மாண்டனர் என்றும், அவ்வூர்த் திருமடத்தின் பலிபீடத்துக்கு மேலும் ஓரடிக்கு மேல் நீர் நின்றது என்றும் அவர் கூறுகின்றார். பள்ளங்கள் வெட்டி நிலத்தைத் தாழ்த்தியிருந்த ஊர்க்கு வந்த இன்னல் அது.

அதன் பின்னும் வெட்டும் தொழில் உடனே நின்றுவிடவில்லை. ஆயினும் பள்ளங்களில் நீர் மிகுந்தது. பதினான்காம் நூற்றாண்டில் கட்டிகளாக வெட்டுவதை விடுத்து, நீரடியிலிருந்து சேற்றை வாரி எடுத்து உலர்த்தும் முறை தோன்றியது. 1348-49-இல் பரவிய கொள்ளைநோயால் மக்கள் தொகை பெரிதும் குறைந்தது, ஆள் கிடைப்பது அரிதாயிற்று, கூலி உயர்ந்தது. திருமடக் கணக்குகளில் கரிமண் குறைந்து, விறகும் நிலக்கரியும் இடம்பெறலாயின. கரிமண் வெட்டும் உரிமை பேசப்பட்ட ஏடுகளில் இனி மீன்பிடி உரிமை பேசப்படுகின்றது. எரிபொருள் தந்த இடம் மீன் தரும் இடமாயிற்று.

ஈண்டு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு நாட்டு மக்கள் தம் முன்னோர் பல தலைமுறையாகத் தோண்டிய பள்ளங்களை எவ்வாறு அடியோடு மறந்தனர்? தொழில் மாறியது, தொழிலோடு சொல் மாறியது, சொல் மாறியபின் நினைவும் மாறியது. 'பிராட்' என்னும் பெயர் நிலைத்தபோது, அப்பெயரே ஆறு அகன்றது என்னும் பொய்யான வரலாற்றைப் பிறப்பித்தது. தோண்டியவர் எழுதத் தெரியாதவர். அவர் பெயர் ஏட்டில் இல்லை. அவர் வெட்டிய கட்டிகளின் எண்ணிக்கை மட்டும் மடத்து அடுக்களைக் கணக்கில் நின்றது. அக்கணக்கும் இல்லையாயின் அவர் உழைப்பை அறிவிக்கச் செங்குத்தான மண்சுவரையன்றி வேறு சான்று இல்லை.

பிற்கால வரலாறு

பின்வந்த நூற்றாண்டுகளில் ஏரிகள் சிறுகச் சிறுகத் தூர்ந்தன. கரையில் நாணல் வளர்ந்தது. நாணல் மட்கிய இடத்தில் ஆல்டர் என்னும் மரம் வளர்ந்து சதுப்புக்காடாயிற்று. 1797-இல் வெளிவந்த பேடனின் நார்போக் நிலப்படத்தில் காணும் நீர்ப்பரப்பு இன்றுள்ளதினும் மிகுதி. ஆயினும் நாணலை ஆண்டுதோறும் அறுத்துக் கூரை வேய்ந்தும், மேய்ச்சல் நிலத்தைக் காத்தும், காற்றாலைகளால் நீரை இறைத்தும் மக்கள் இந்நிலத்தை ஓரளவு திறந்த வெளியாகவே வைத்திருந்தனர். ஒற்றைக் கரும்பாய் கொண்ட 'வெரி' என்னும் சரக்குப் படகுகள் ஊர்களை இணைத்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருப்புப்பாதை வந்தபின் நகரமக்கள் இன்பச் செலவுக்கு வந்தனர். ஜி. சி. டேவிஸ் எழுதிய வழிகாட்டி நூல் 1882-இல் வெளிவந்தது. பி. எச். எமர்சன், டி. எப். குடால் என்பவரோடு சேர்ந்து இங்குள்ள உழவரையும் நாணல் அறுப்போரையும் நிழற்படங்களாக்கி 1886-இல் நூலாக்கினார். இவ்விடத்தை மனிதக் கைபடாத இயற்கை எனக் கண்டு மகிழ்வது அக்காலத்தில் வழக்கமாயிற்று. பிரித்தானியாவில் இனப்பெருக்கம் செய்வது அற்றுப்போயிருந்த பிட்டர்ன் என்னும் நாரையினப் பறவை மீண்டும் இங்குக் குஞ்சு பொரித்ததை 1911-இல் எம்மா டர்னர் என்னும் அம்மையார் நிழற்படச் சான்றோடு நிறுவினார்.

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குப் பின் புதிய கேடு சூழ்ந்தது. நகரக் கழிவுநீரிலிருந்து வந்த பாஸ்பரமும், வயல்களிலிருந்து வந்த உரச்சத்தும் நீரிற் கலந்து நுண்பாசியைப் பெருக்கின. தெளிந்த நீர் கலங்கியது. நீரடிச் செடிகள் பெரும்பாலான ஏரிகளில் மறைந்தன. மென்மயிருக்காக 1929-இல் கொண்டுவந்து வளர்க்கப்பட்ட காய்ப்பு என்னும் தென்னமெரிக்கக் கொறிவிலங்கு கூண்டினின்றும் தப்பிப் பெருகி நாணலை அழித்தது. அதனை முற்றும் ஒழிக்க 1989 வரை சென்றது. அதே ஆண்டில் பிராட்ஸ் ஆணையம், 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேசியப் பூங்காவுக்கு நிகரான பொறுப்போடு செயற்படத் தொடங்கிற்று.

ஏரியைக் காக்க அவர்கள் கண்ட வழி நம் சிந்தனைக்கு உரியது. 1982-இல் காக்ஷூட் என்னும் சிற்றேரியை ஆற்றினின்றும் பிரித்து அதன் சேற்றை அகற்றினர். 1990-களின் பிற்பகுதியில் பார்ட்டன் ஏரியில் இப்பணி பெரிய அளவில் தொடங்கப்பெற்றது. ஆங்கு அகற்றிய சேறு ஏறத்தாழ ஒரு கோடி கன அடி. இடைக்கால மக்கள் அடுப்புக்காகத் தோண்டிய அதே பள்ளத்தை, பின்வந்தோர் நீர்ச்செடிக்காகவும் பறவைக்காகவும் மீண்டும் தோண்டினர். மனிதன் தோண்டியதால் பிறந்த ஏரி, மனிதன் தோண்டாவிடின் வாழாது என்பது இதனாற் பெறப்படும்.

கடலின் அச்சமும் நீங்கவில்லை. 1938-இல் ஹார்சி என்னும் இடத்திலும், 1953-இல் கிழக்குக்கரை முழுவதும் கடல் அரணை உடைத்துப் புகுந்தது. கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில் உவர்நீர் உட்புகுதலே இந்நன்னீர் ஏரிகட்குப் பேரிடராகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. ஒன்று: பிராட்ஸ் ஏரிகள் இடைக்கால மக்கள் எரிபொருளுக்காக வெட்டிய பள்ளங்கள், பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் கடல்மட்டம் உயர்ந்தமையால் அவை ஏரிகளாயின. இரண்டு: மண்ணாய்வு மட்டும் செய்திருந்தால் காலம் தெரிந்திராது, ஏட்டாய்வு மட்டும் செய்திருந்தால் வெட்டிய இடம் தெரிந்திராது. இருவகை அறிஞரும் ஒருங்கு அமர்ந்தபோதே உண்மை வெளிப்பட்டது. மூன்று: அகன்ற இடைவெளியில் இட்ட துளைகள் தவறான முடிபைத் தந்தன, நெருங்கிய துளைகள் சரியான முடிபைத் தந்தன. கருவி ஒன்றே, வேறுபட்டது பொறுமை.

அரசர் கட்டிய அரண்மனைக்கு ஆசிரியன் பெயர் உண்டு. இவ்வேரிகட்கு அத்தகைய பெயர் இல்லை. அடுக்களைக் கணக்கையும் சேற்றில் மறைந்த சுவரையும் ஒருங்கே படித்தமையால், பெயரற்ற அம்மக்களின் உழைப்பு அறுநூறு ஆண்டுகட்குப் பின் அவர்களுக்கே உரியதாயிற்று. ஏனைய நாடுகளிலும் இயற்கை என்று நாம் எண்ணிக் கடந்து செல்லும் நிலங்களை இம்முறையில் மீண்டும் ஆராய்தல் வேண்டும் என்பது நம் விழைவு.